அந்த ரத்தம் இன்னா ஆச்சு?



எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஓர் ஆயா இருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மழை வந்தாலும் கடல் வந்தாலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கவர் அது. சென்ற மாதம் போயிருந்தபோது அதற்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. மேலே நெருக்கி அச்சடித்த எழுத்து. கீழே ஊதா மையில் அவருடைய கைநாட்டு. ஓர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்ற ஒப்புதல் படிவத்தின் நகல்.

“ஒரு பொண்ணு வந்துச்சு. ரத்தம் எடுத்துச்சு. ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொல்லிச்சு, ஊதினேன். மறுபடி வரேன்னு சொல்லிட்டுப் போச்சு. ரெண்டு வருஷம் ஆவுது. அந்த ரத்தம் இன்னா ஆச்சுன்னு நீயாவது கேட்டுச் சொல்லு நைனா.”

பேசிக்கொண்டே நண்டு வலையில் சிக்கியிருந்த ஓட்டுத் துண்டுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமினார். இருமல் வரும்போது மட்டும் கை நின்றது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன.

அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். திருவொற்றியூர்க்காரர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் களப்பணியாளராக ஒப்பந்தத்தில் இருந்தவர். மூன்று ஆண்டு என்று சொல்லித் தொடங்கிய ஆய்வு, பணம் வராமல் பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போது அவர் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். “குப்பத்துல இருந்து இன்னும் போன் பண்றாங்க சார். ‘அக்கா, என் ரிசல்ட் வந்துச்சா?’ன்னு கேக்குறாங்க. நம்பரை மாத்திடலாம்னு பார்த்தேன். மனசு வரல” என்றார்.

ஓர் ஆய்வுக்குப் பணம் நின்றுபோவதென்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மாதம் உங்களோடு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பட்ஜெட், நல்கை, அறக்கட்டளை என்று வரும் செய்திகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அந்தச் செய்திகளின் கடைசி வரி நெட்டுக்குப்பத்தில்தான் எழுதப்படுகிறது.

மருந்து கண்டுபிடிப்பது ஒரு வகை ஆராய்ச்சி. கண்டுபிடித்த மருந்து இந்தக் குப்பத்து வீடு வரை ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பது இன்னொரு வகை. விடியலுக்கு முன் கடலுக்குப் போன படகு கரை சேரும் நேரமும், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. மீனை ஏலத்துக்கு விட்டுவிட்டு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் மாத்திரை நிற்கிறது, நோய் திரும்புகிறது. இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். வீடு வீடாக நடக்கும் கால்கள் வேண்டும், எழுதி வைக்கும் கை வேண்டும், ஐந்து வருடமோ பத்து வருடமோ அந்தக் கைக்குச் சம்பளம் வேண்டும். பொதுச் சுகாதாரச் சேவை ஆராய்ச்சி என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்.

இந்த வகை ஆராய்ச்சிக்கு உலகத்துக்கே வழி காட்டிய ஊர் நம் சென்னை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அன்றைக்குக் காசநோய் வந்தால் சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்பதே வைத்தியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்றும் மின்சார ரயில் நிலையத்தின் பெயராக நம் வாயில் புழங்குகிறது. ஆனால் நோயாளிகளின் கூட்டத்துக்கு முன்னால் படுக்கைகள் மிகக் குறைவு. இடம் கிடைக்காதவர் என்ன செய்வது? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? நெருக்கடியான ஒற்றை அறையில் பிள்ளைகளோடு படுத்திருப்பவருக்கு மாத்திரை மட்டும் போதுமா? பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? மருந்து கம்பெனி கேட்ட கேள்விகள் அல்ல இவை. ஓர் அரசாங்கம் தன் ஏழைகளை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள்.

செலவை ஏற்றுக்கொண்டவர்கள் நான்கு பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களைப் பார்க்கச் செவிலியரும் களப்பணியாளர்களும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்கள். மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், நெருக்கடியில் வாழ்ந்தார்கள், வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் அவர்கள் குணமானதற்கும் சானடோரியத்தில் இருந்தவர்கள் குணமானதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்த ஒரு முடிவுக்குப் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர். காசநோய் கண்டு சானடோரியத்துக்குப் போனார். பாட்டி நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வருடம் தனியாகத் தவித்தார். பல வருடம் கழித்து அதே நோய் என் மாமாவுக்கு வந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி மாத்திரை விழுங்கிக் குணமாகி, துறைமுக வேலைக்குத் திரும்பினார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது வெகு காலம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்னோர் ஆராய்ச்சியும் நம் பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க, சுமார் இரண்டரை லட்சம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இதற்கும் ஐ.சி.எம்.ஆரோடு உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்தன. பதினைந்து வருடம் அந்த மக்களைப் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே விடை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுக்க அது இன்றும் போடப்படுகிறது, அது வேறு விஷயம். ‘இல்லை’ என்ற ஒரு விடைக்காகப் பதினைந்து வருடம் பணம் கொடுக்க எந்த வியாபாரி முன்வருவார்? மக்கள் பணம்தான் வர வேண்டும்.

இப்போது அந்தப் பணத்தின் பாதை மாறிக்கொண்டிருக்கிறது.

1911-ல் தொடங்கியபோது ஐ.சி.எம்.ஆரின் பெயர் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம். பெயரிலேயே நிதி இருந்தது. 1949-ல் இன்றைய பெயர் வந்தது. அறிவியல் ஆராய்ச்சிக்கெனத் தனியாக இன்னொரு வாரியம் 2008 சட்டத்தின்படி இயங்கி வந்தது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அந்த வாரியம் கலைந்து இதில் சேர்ந்தது. 2024 பிப்ரவரி 5 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர்கள் போன்ற பிற வழிகளில் வர வேண்டும். அதாவது நூறு ரூபாயில் எழுபத்திரண்டு ரூபாய் அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை இன்னொரு நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய். பெரும்பாலும் தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்டகாலக் கடனாகப் போகும் பணம் இது. நாட்டில் ஆராய்ச்சிக்கான மொத்தச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாத நிலையில், இவ்வளவு பெரிய தொகை ஒதுக்கப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கேயே கருவி செய்யட்டும், மருந்து செய்யட்டும். ஆனால் கடன் வாங்குபவர் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்ட விற்பதற்கு ஒரு பொருள் வேண்டும். குப்பத்து வீட்டில் மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையை எந்தக் கடையில் வைத்து விற்பது? சேத்துப்பட்டு ஆய்வு விற்பதற்கு எதையும் தரவில்லை. தாத்தாவுக்குக் கிடைக்காத ஒரு வருடத்தை மாமாவுக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். அதைக் கடன் பத்திரத்தில் எழுத முடியாது.

கம்பெனிகள் தரும் பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஐ.சி.எம்.ஆர். போன்ற அரசு ஆராய்ச்சி அமைப்புகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுப்பதும் அந்தக் கணக்கில் சேரும். நம் பகுதியில் இந்தச் சி.எஸ்.ஆர். பணம் என்றதும் நினைவுக்கு வருபவை குடிநீர் இயந்திரம், பள்ளிப் பை, கண் சிகிச்சை முகாம். அவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஆராய்ச்சி வேறு. எந்தக் குழாயிலிருந்து வருவது எந்த மூச்சை அடைக்கிறது என்ற கேள்விக்கு, அந்தக் குழாயின் சொந்தக்காரரே பணம் கொடுத்தால் விடையை யார் நம்புவார்கள்? விடை நேர்மையாகவே இருந்தாலும் நெட்டுக்குப்பம் நம்பாது. நம்பாததற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. அதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் முழுக்கப் பரவியது. அப்போதும் மீனவர்கள் படகில் போய்க் குவளையிலும் வாளியிலும் அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். இவையெல்லாம் செய்தியில் வந்தவை. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிவது தினசரி நடப்பது, அதற்குத் தேதி கிடையாது.

ஒவ்வொரு முறையும் மருத்துவ முகாம் வரும். களிம்பு கொடுப்பார்கள், இருமல் மருந்து கொடுப்பார்கள். நன்றி சொல்ல வேண்டிய காரியம்தான். ஆனால் முகாம் நான்காம் நாள் பிரிந்துவிடும். எண்ணெய் அள்ளிய கைகளுக்கு ஐந்து வருடம் கழித்து என்ன ஆயிற்று, அந்த இரவில் ஓடிய குழந்தை பள்ளியில் ஓடும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் முகாம் சொல்லாது. அதே வீடுகளுக்கு வருடா வருடம் திரும்பி வரும் ஒரு பதிவேடுதான் சொல்லும்.

அப்படி ஒரு பதிவேடு நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிறுவனம் சென்னை நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரித்து வருகிறது. ஐ.சி.எம்.ஆரின் தேசியத் திட்டத்தில் அது ஓர் அங்கம். நாற்பது வருடத்துக்கு மேலாக இடைவிடாமல் எழுதியதால்தான் இந்த ஊரில் எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று இன்று சொல்ல முடிகிறது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து, நோயாளியின் எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பது போன்ற சில எளிய சோதனைகளை வைத்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். ஆராய்ச்சியும் சேவையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த நன்மை இது. தொடக்கத்தில் சென்னையை விட்டுவிட்டு மற்ற மாவட்டங்களில்தான் நடந்தது என்பது எனக்கு ஒரு மனக்குறை.

வெளிநாட்டுப் பணம்? அது நமக்குச் செய்த உபகாரத்தை மறக்கக் கூடாது. 1995 முதல் அமெரிக்க உதவியோடு அடையாறில் உள்ள தன்னார்வச் சுகாதாரச் சேவை மையம் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், லாரி ஓட்டுநர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் வருடா வருடம் பேசி எழுதிய கணக்குகள் தமிழ்நாட்டுக்குப் பெரிய துணையாக இருந்தன. கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கு விறகுக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் கொடுத்த பணத்தில் நான்கு நாடுகளில் நடந்தது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரே உத்தரவில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்துவந்த அமெரிக்க அமைப்பின் கதவே மூடப்பட்டது. இடையில், மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தேசியச் சுகாதார நிறுவனத்திடமிருந்து தங்களுக்குக் கிடைக்கும் நல்கையிலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறைக்கும் தடை வந்தது. ஒரு நாட்டில் ஆட்சி மாறினால் இன்னொரு நாட்டில் ரத்தக் குப்பி பிரிக்கப்படாமல் கிடக்கும் என்றால், அந்த ஏற்பாட்டை நம்பி நாம் வீடு கட்ட முடியாது.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய அறக்கட்டளையின் பணத்தில் ஒரு பங்கு, விற்பனைக்கு எதையும் தராத இந்தச் சேவை ஆராய்ச்சிக்கென்று சட்டமாக ஒதுக்கப்பட வேண்டும். தொழிற்சாலைகள் கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் ஒரு பொது உண்டியலில் விழ வேண்டும், கேள்வியை அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. தமிழக அரசு தன் பங்குக்குக் கத்திவாக்கம் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தை மையமாக வைத்து, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் வீடுகளுக்குப் பத்து வருடப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். களப்பணிக்கு அந்தந்தக் குப்பத்துப் பெண்களையே வைக்கலாம். நல்கைக்கு ஜி.எஸ்.டி. கேட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போன கொடுமை 2024 செப்டம்பரில்தான் ஒருவழியாகத் தீர்ந்தது. இனியாவது ஆராய்ச்சியாளரை வரி அலுவலகத்துக்கும் மார்ச் மாதக் கணக்குக்கும் இடையே ஓட விடாமல், வேலை செய்ய விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ரத்தம் எடுத்தால் விடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கான செலவை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். பணம் பாதியில் நின்றாலும் அந்தத் தொகையைத் தொடக் கூடாது. தமிழில், பெரிய எழுத்தில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும்படியான ஒரே ஒரு பக்கம் போதும்.

வாசகர்களே, உங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆய்வுகளுக்குக் கையை நீட்டியிருப்பீர்கள். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம், காசிமேடு என்று எந்தப் பகுதியாக இருந்தாலும், எந்த வருடம், என்ன கேட்டார்கள், விடை வந்ததா என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒப்புதல் படிவம் இருந்தால் நகல் அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். ஒவ்வொன்றையும் உரிய நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்போம்.

ஆயாவின் தாளை நகலெடுத்து, அதிலிருந்த பதிவு எண்ணோடு நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வந்ததும் முதலில் நெட்டுக்குப்பத்துக்குத்தான் எடுத்துப் போவேன். அதன் பிறகே அச்சுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்